காற்றே கவசம்: சுழலி அலகுகளின் படலக் குளிர்விப்பைக் கணித்த வரலாறு

முன்னுரை

சிங்கப்பூரில் உற்பத்தியாகும் மின்னாற்றலில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்படுகிறது. ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் 2021ஆம் ஆண்டு வணிக இயக்கத்திற்கு வந்த 1,440 மெகாவாட் மின்னிலையமும் எரிவாயுவையே நம்பியிருக்கிறது. சாங்கியிலும் சிப்பாங்கிலும் வந்திறங்கும் பெருவிமானங்கள் தாரைப் பொறிகளின் விசையால் பறக்கின்றன. இவை அனைத்தின் உள்ளேயும் இருந்து உழைப்பது ஒரே வகைப் பொறியாகும். அதனை வளிமச் சுழலி என்கிறோம். 'கேஸ் டர்பைன்' என்பது உலக வழக்கு.

இப்பொறியின் உள்ளமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. முன்பகுதியில் உள்ள அமுக்கி, காற்றை உள்ளிழுத்து அழுத்துகிறது. நடுவே உள்ள எரியறையில் எரிபொருள் அக்காற்றுடன் கலந்து எரிகிறது. பின்பகுதியில் உள்ள சுழலியின் அலகுகளை அவ்வெரிவளி மோதித் தள்ளிச் சுழலச் செய்கிறது. தொழிற்கூடங்களில் 'பிளேடு' என்று வழங்கப்படும் இவ்வலகுகளே நம் உரையின் பொருள். எரியறையை அடுத்துள்ள முதல் வரிசை அலகுகளைச் சூழ்ந்து ஓடும் வளியின் வெப்பநிலை, அவ்வலகுகள் வார்க்கப்பட்ட உலோகம் உருகும் நிலையைக் கடந்தது. ஆயினும் அவை உருகுவதில்லை. அலகின் உட்புறத்திலிருந்து நுண்துளைகள் வழியே வெளிவரும் குளிர்ந்த காற்று, அதன் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படர்ந்து, நெருப்புக்கும் உலோகத்துக்கும் இடையே கவசமாக நிற்கிறது. இதனைப் படலக் குளிர்விப்பு என்று குறிப்போம்.

இக்கவசம் எங்கே தடிக்கும், எங்கே கிழியும் என்பதை இயங்கும் பொறிக்குள் கண்ணால் கண்டறிவது அரிது. ஆகவே அதனைக் கணித்தறிய வேண்டியதாயிற்று. காற்றோட்டத்தின் சமன்பாடுகளை எண்களாக மாற்றிக் கணினியில் தீர்த்து, நிகழ்வினை நிகழ்வதுபோலவே காட்டும் முறைக்கு எண்முறை உருவகம் என்று பெயர். கணினியின் வேகம் கூடியதால் கணிப்பும் தானே செம்மையுற்றது என்று பலரும் எண்ணுவர். படலக் குளிர்விப்பைக் கணித்த வரலாற்றை நோக்குமிடத்து வேறோர் உண்மை புலப்படுகிறது. கணக்கின் எல்லையை எங்கே வகுப்பது, எதனைக் கணக்கினுள் கொள்வது, எதனை விடுவது என்னும் முடிவுகளே ஒவ்வொரு கட்டத்திலும் அதன் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானித்தன. அவ்வுண்மையை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

1. உலோகத்தின் வரம்பு

இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் உருவாக்கிய தாரைப் பொறி 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் முதன்முதலாக இயங்கியது. ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் வடிவமைத்த பொறியைக் கொண்ட ஹைன்கெல் விமானம் 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் பறந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே உழைத்தவர்கள். எனினும் இருவரையும் ஒரே தடை எதிர்கொண்டது. எரிவளியின் வெப்பம் கூடக்கூடப் பொறியின் ஆற்றலும் திறனும் பெருகும். அவ்வெப்பத்தைத் தாங்கும் உலோகமோ அரிது.

பிரிட்டன் இத்தடையை நிக்கல் கலந்த உலோகக்கலவைகளால் கடக்க முயன்றது. போர்க்கால ஜெர்மனியில் நிக்கல் கிடைப்பது அரிதாயிற்று. ஆன்செல்ம் பிரான்ஸ் என்னும் பொறியாளர் யுங்கர்ஸ் நிறுவனத்திற்காக வடிவமைத்த 'யூமோ 004' பொறியின் பிற்கால வகைகளில், அலகுகள் உள்ளீடற்ற குழல்களாகச் செய்யப்பட்டு, அமுக்கியிலிருந்து பிரித்தெடுத்த காற்று அவற்றினுள் செலுத்தப்பட்டது. வறுமையிலிருந்து பிறந்த வழி இது. அப்பொறிகளின் ஆயுள் பத்து முதல் இருபத்தைந்து மணி நேர அளவிலேயே முடிந்தது என்றாலும், அலகைக் காற்றால் குளிர்விக்கலாம் என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது.

அடுத்துவந்த பல பத்தாண்டுகளில் உலோகவியலும் குளிர்விப்பும் இணைந்தே வளர்ந்தன. 1980களின் தொடக்கத்தில் ஒற்றைப் படிகமாக வார்க்கப்பட்ட அலகுகள் பயணிகள் விமானங்களில் இடம்பெற்றன. தூய நிக்கல் உருகுவது 1,455 பாகை செல்சியசில். 2011ஆம் ஆண்டு இயக்கத்திற்கு வந்த மிட்சுபிஷி நிறுவனத்தின் ஜே வகைச் சுழலியினுள் நுழையும் வளியோ 1,600 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட இடைவெளியை நிரப்புவன, அலகின் உள்ளே ஓடும் காற்றும், மேலே பூசப்படும் பீங்கான் பூச்சும், வெளியே படரும் காற்றுப் படலமுமே ஆகும்.

இக்காற்று விலையின்றிக் கிடைப்பதன்று. அமுக்கி பெரிதும் ஆற்றலைச் செலவிட்டு அழுத்திய காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குளிர்விப்புக்கே போய்விடுவதுண்டு. அப்பங்கு எரியறைக்குச் செல்லாமையால் பொறியின் திறன் குறைகிறது. காற்றைச் சுருக்கினாலோ அலகின் வெப்பம் ஏறுகிறது. அலகின் உலோக வெப்பநிலையைக் கணிப்பதில் ஏறத்தாழ 30 பாகை பிழை நேர்ந்தாலும் அதன் ஆயுள் பாதியாகக் குறையக்கூடும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் பொது விதி. மிகுத்தாலும் இழப்பு, குறைத்தாலும் இழப்பு என்னும் இந்நெருக்கடியே துல்லியமான கணிப்பைக் கட்டாயமாக்கியது.

2. பனியை உருக்கப் பிறந்த கருத்து

படலக் குளிர்விப்பின் அறிவியல், குளிர்விப்பதற்காகத் தோன்றியதன்று என்பது வியப்புக்குரியது. உயரப் பறக்கும் விமானங்களின் இறக்கைகளில் பனி உறைந்து ஆபத்தை விளைவிப்பதுண்டு. அதனைத் தடுக்க, இறக்கையில் உள்ள நெடும்பிளவு ஒன்றின் வழியே சூடான காற்றை வெளியிட்டு மேற்பரப்பில் படரவிடலாமா என்று ஜெர்மானிய அறிஞர் கார்ல் வீகார்ட் 1943ஆம் ஆண்டு ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை போர் முடிந்தபின் 1946இல் அமெரிக்க வான்படையால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது.

குளிர்ந்த ஓட்டத்தின் நடுவே சூடான படலம், சூடான ஓட்டத்தின் நடுவே குளிர்ந்த படலம் ஆகிய இரண்டையும் ஆள்வது ஒரே இயற்பியல்தான். ஆகவே பனியுருக்கும் ஆய்வு அப்படியே சுழலிக்குப் பொருந்திற்று. படலத்தின் பயனை அளக்க ஒரு விகிதம் வகுக்கப்பட்டது. வெப்பம் கடத்தாத சுவர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அச்சுவர் குளிர்காற்றின் வெப்பநிலையிலேயே இருந்தால் அவ்விகிதம் 1; சூடான வளியின் வெப்பநிலையை எட்டிவிட்டால் 0. இதனைப் படலப் பயனளவு எனக் குறிக்கலாம். பிளவிலிருந்து விலகிச் செல்லுந்தோறும் இவ்வளவு குறைந்துகொண்டே போகிறது. தொலைவின் 0.8ஆம் அடுக்கிற்குத் தலைகீழ் விகிதத்தில் அது குறைவதாக வீகார்ட் தம் அளவீடுகளிலிருந்து கண்டார். ஒரே வரியில் அடங்கிய அந்தச் சூத்திரமே படலக் குளிர்விப்பின் தொடக்கக் காலக் கணிப்பு முறையாகும்.

அச்சூத்திரத்தை அலகுக்கு நேரே பயன்படுத்த இயலவில்லை. சுழலியின் அலகு நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழல்வது. மையவிலக்கு விசையால் கடுமையாக இழுக்கப்படுவது. அதில் நெடும்பிளவு ஒன்றை வெட்டினால் உலோகம் வலுவிழந்து பிளந்துவிடும். எனவே பிளவுக்குப் பதிலாக வரிசையான சிறு துளைகளை இடவேண்டியதாயிற்று. துளையின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பிளவிலிருந்து வரும் காற்று விரித்த பாய்போல் சீராகப் படரும். துளையிலிருந்து வருவதோ தனித்தனித் தாரை. தாரைக்கும் தாரைக்கும் நடுவே சுவர் வெறுமையாய்க் கிடக்கும். நீளம், உயரம் என்னும் இரண்டு பரிமாணங்களில் அடங்கியிருந்த கணக்கு, அகலத்தையும் சேர்த்து மூன்று பரிமாணங்களுக்கு விரிந்தது. இவ்வரலாற்றின் பிற்பகுதி முழுவதும் இந்த ஒரு மாற்றத்தின் விளைவே எனலாம்.

3. மின்னசோட்டா ஆய்வுக்கூடம்

பிராகு நகரில் பிறந்து, ஜெர்மனியில் பணியாற்றி, போருக்குப்பின் அமெரிக்கா சென்ற எர்ன்ஸ்ட் எக்கெர்ட் 1951ஆம் ஆண்டு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரும் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைனும் அவர்தம் மாணவர்களும் அப்பல்கலைக்கழகத்தைப் படலக் குளிர்விப்பு ஆய்வின் தலைமைக் களங்களுள் ஒன்றாக ஆக்கினர். ஒற்றை வட்டத் துளையிலிருந்து வெளிவரும் காற்றின் பயனை அளந்த அவர்களுடைய கட்டுரை 1968இல் வெளிவந்தது. அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துக் கோல்ட்ஸ்டைன் 1971இல் எழுதிய நெடுங்கட்டுரை இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது.

அவ்வளவீடுகள் காட்டிய முதற்பாடம் பொது அறிவுக்கு மாறானது. குளிர்காற்றை மிகுதியாக ஊதினால் பாதுகாப்பு மிகும் என்றே எவரும் கருதுவர். வட்டத் துளையைப் பொறுத்தவரை, ஓரளவுக்கு மேல் ஊதினால் பாதுகாப்பு குறைந்துவிடுகிறது. குளிர்காற்றின் அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி, அதனைச் சூடான வளியின் அடர்த்தி, வேகம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது ஊதல் விகிதம். அது ஏறத்தாழ 0.5ஐத் தாண்டும்போது தாரை சுவரைவிட்டு எழும்பிப் பறக்கத் தொடங்குகிறது. எழும்பிய தாரையின் கீழே சூடான வளி புகுந்து உலோகத்தைத் தீண்டுகிறது. மேலும், குறுக்கே ஓடும் வளியில் பாயும் தாரை எதிரெதிராய்ச் சுழலும் இரட்டைச் சுழலாக மாறுகிறது. அச்சுழல்கள் இருபுறமுமிருந்து சூடான வளியை வாரித் தாரையின் அடிப்பக்கத்திற்கே கொண்டுசேர்க்கின்றன. காக்க வந்த காற்றே பகையை உள்ளே அழைத்து வருகிறது என்று சொல்லத் தகும்.

ஆய்வுக்கூடத்தில் கையாளப்பட்ட உத்திகளும் மாணவர் அறியத்தக்கன. துணிப் பேழைகளில் பூச்சிகளைத் தடுக்க வைக்கும் அந்துருண்டையின் பொருளான நாப்தலீனைச் சுவரின்மேல் வார்த்து, காற்றோட்டத்தில் அது எங்கெங்கே எவ்வளவு ஆவியாகித் தேய்ந்தது என்பதை அளந்தனர். நிறை கடத்தலும் வெப்பம் கடத்தலும் ஒத்த விதிகளுக்கு உட்பட்டவை ஆதலால், தேய்ந்த ஆழத்திலிருந்து வெப்பம் பாயும் வீதத்தை அறிய முடிந்தது.

1974ஆம் ஆண்டு கோல்ட்ஸ்டைன், எக்கெர்ட், பர்கிராப் ஆகிய மூவரும் துளையின் வாயை இருபுறமும் 10 பாகை விரித்து விசிறிபோல் அமைத்துச் சோதித்தனர். வாய் விரிந்தமையால் தாரையின் வேகம் தணிந்தது; அது சுவரைவிட்டு எழாமல் பக்கவாட்டில் படர்ந்து ஒட்டிக்கொண்டது. இன்றைய பொறிகளில் பரவலாக உள்ள வடிவத் துளைகள் இக்கண்டுபிடிப்பின் வழிவந்தவையே. இப்பெருமுன்னேற்றம் அளவீட்டால் விளைந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். அந்நாளைய கணிப்பு முறைகள் விரிந்த துளையின் இயல்பை முன்னறிந்து கூறும் வலிமை பெற்றிருக்கவில்லை.

4. சமன்பாடுகள் கணினிக்குள் புகுந்த காலம்

பாய்மங்களின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடுகள் புதியவை அல்ல. பிரான்சின் நாவியேயும் பிரிட்டனின் ஸ்டோக்சும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அவற்றை வகுத்துவிட்டனர். சமன்பாடு தெரிந்தும் விடை காண முடியாமைக்குக் காரணம் கொந்தளிப்பு. வேகமான ஓட்டத்தில் பெரிதும் சிறிதுமான சுழல்கள் ஒழுங்கின்றித் தோன்றித் தோன்றி மறைகின்றன. 1895ஆம் ஆண்டு ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் ஒரு வழி கூறினார். ஓட்டத்தைச் சராசரி என்றும், அதிலிருந்து விலகும் ஏற்றத்தாழ்வு என்றும் பிரித்துச் சராசரிக்கு மட்டும் சமன்பாடு எழுதலாம் என்பதே அவ்வழி. அவ்வாறு எழுதும்போது ஏற்றத்தாழ்வுகளின் விளைவு அறியப்படாத உறுப்பாக எஞ்சிநிற்கிறது. அதனை ஏதேனும் ஒரு கருதுகோளால் நிரப்பியாக வேண்டும்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்பால்டிங்கும், இந்தியாவிலிருந்து சென்று அவரிடம் பயின்ற சுகாஸ் பதங்கரும் 1972இல் வெளியிட்ட கணிப்பு முறை இத்துறையின் திருப்புமுனை. பின்னர் 'சிம்பிள்' என்று புகழ்பெற்ற அம்முறையின் அடிப்படைக் கருத்தை இல்லத்து வரவுசெலவுக் கணக்கோடு ஒப்பிடலாம். ஓட்டம் நிகழும் வெளியைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் புகும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவை வெளியேறுவனவற்றோடு சரியீடு ஆகவேண்டும். முதலில் ஓர் அழுத்தத்தை ஊகித்து வேகங்களைக் கணக்கிடுகிறோம். நிறையின் கணக்கு பொருந்தாவிடில் அழுத்தத்தைத் திருத்தி மீண்டும் கணக்கிடுகிறோம். எல்லாக் கட்டங்களிலும் கணக்கு பொருந்தும்வரை இது தொடர்கிறது. அதே ஆண்டுகளில் பிரையன் லாண்டரும் அவருடன் உழைத்தோரும் கொந்தளிப்புக்கெனக் 'கே-எப்சிலான்' என்னும் மாதிரியை உருவாக்கினர். கொந்தளிப்பின் ஆற்றல் ஒன்று, அது அழியும் வீதம் மற்றொன்று என இரு சமன்பாடுகளால் அம்மாதிரி ரெய்னால்ட்ஸ் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பியது.

கருவிகள் கிடைத்தவுடன் படலக் குளிர்விப்பு அவற்றுக்கு உரைகல்லாயிற்று. பதங்கர், ரஸ்தோகி, ஒயிட்லா ஆகியோர் முப்பரிமாணப் பிளவுகளின் பயனளவைக் கணித்து 1973இல் வெளியிட்டனர். பெர்கெலிஸ், காஸ்மன், லாண்டர் ஆகியோர் குறுக்கோட்டத்தில் பாயும் தாரையை முப்பரிமாணத்தில் கணித்த கட்டுரை 1978இல் வந்தது. கொந்தளிப்பு எல்லாத் திசைகளிலும் ஒரே வலிமையுடன் கலக்கிறது என்னும் எளிய கருதுகோள் சுவரருகே பொருந்தாது என்பதை உணர்ந்து, பக்கவாட்டுக் கலப்புக்குத் தனி மதிப்பளித்தமை அவர்களின் சிறப்பு.

இக்காலத்துக் கணிப்புகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. கணக்கின் எல்லை அலகின் மேற்பரப்போடு முடிந்தது. துளையின் வாயில் காற்று இன்ன வேகத்துடன், இன்ன வடிவில் வெளிவருகிறது என்று முன்கூட்டியே கொண்டு, அதன்பின் நிகழ்வதை மட்டுமே கணித்தனர். நினைவகம் குறுகிய அந்நாள் கணினிகளுக்கு அதுவே பெருஞ்சுமை. தொழிற்சாலைகளில் பயன்பட்ட எளிய கணிப்பு நிரல்களோ, சோதனையின் முடிவுகளுக்கு ஒத்துவருமாறு மாறிலிகளைத் திருத்திக்கொண்டு இயங்கின. அவை சோதித்த நிலைகளில் சரியான விடை தந்தன. சோதிக்காத நிலைகளுக்கு வழிகாட்டத் தவறின. தெரிந்ததைத் திருப்பிச் சொல்வதும் தெரியாததை முன்னறிந்து சொல்வதும் வெவ்வேறு என்பதை இக்கட்டம் உணர்த்துகிறது.

5. துளைக்குள் நோக்கிய கணிப்பு

1990ஆம் ஆண்டையொட்டி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் போகார்டும் மைக்கேல் கிராபர்டும் அவர்தம் மாணவர்களும் நிகழ்த்திய அளவீடுகள் அடுத்த கட்டத்திற்கு வித்திட்டன. இயங்கும் பொறியில் குளிர்காற்று, சூடான வளியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அடர்த்தியுடையது. சாதாரண ஆய்வுக்கூடங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருந்தன. டெக்சாஸ் குழுவினர் குளிர்காற்றைக் கடுங்குளிர் நிலைக்குக் கொணர்ந்து பொறியின் அடர்த்தி விகிதத்தையே ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினர். துளைகளையும் பொறியில் உள்ளவாறே குறுகியனவாக அமைத்தனர். அவர்கள் ஆராய்ந்த துளைகளுள் ஒருவகை 35 பாகை சாய்வும், விட்டத்தைப்போல் 1.75 மடங்கு நீளமும் மட்டுமே உடையது.

நீண்ட குழாயில் ஓடும் காற்று, வாயை அடையுமுன் சீராகிவிடும். இத்துணைக் குறுகிய துளையிலோ அதற்கு இடமில்லை. இதனைக் கணிப்பில் எடுத்துக்காட்டியவர்கள் லெய்லெக், செர்கிள் என்னும் இருவர். 1994இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, அலகின் உள்ளேயிருக்கும் காற்றறை, துளை, வெளியே ஓடும் சூடான வளி ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் கோத்தது. கொந்தளிப்புக்கு அவர்கள் பயன்படுத்தியது ஏற்கெனவே இருந்த கே-எப்சிலான் மாதிரியே. புதுமை, கணக்கின் எல்லையை உட்புறம் நோக்கி நகர்த்தியதில் இருந்தது.

அக்கணிப்பு காட்டியது யாது? காற்றறையிலிருந்து சாய்ந்த துளைக்குள் புகும் காற்று திடீரெனத் திரும்ப நேர்வதால், துளையின் ஒருபுறச் சுவரைவிட்டு விலகுகிறது; எதிர்ப்புறச் சுவரை ஒட்டி விரைந்து பாய்கிறது. துளைக்குள்ளேயே இரட்டைச் சுழல் உருவாகிறது. வெளியே ஓடும் வளியின் அழுத்தமும் துளையினுள் ஓட்டத்தை மாற்றியமைக்கிறது. எனவே வாயில் வெளிப்படும் தாரை, முன்னையோர் கொண்டதுபோல் சீரான உருளையாக இருப்பதில்லை. எங்கே தொடங்கிற்று என்று எண்ணியிருந்தோமோ, அதற்கு முன்னரே கதை தொடங்கிவிட்டது.

இதற்குப்பின் காற்றறையையும் துளையையும் சேர்க்காத கணிப்பு முழுமையற்றது எனக் கருதப்படலாயிற்று. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் விரிந்த வாயுடைய துளைகளைப் பற்றி 1998இல் வெளிவந்த அளவீடுகளும், இத்தகைய முழுமையான கணிப்புகளைச் சரிபார்க்கும் களமாகப் பயன்பட்டன. கணினியின் ஆற்றல் பெருகியது இம்மாற்றத்திற்குத் துணைசெய்தது உண்மையே. அவ்வாற்றலை எங்கே செலவிடுவது என்று காட்டியது குறுகிய துளையைப் பற்றிய தெளிவாகும்.

6. சராசரியும் கணமும்

துளை கணக்கினுள் வந்தபின்னும் ஒரு பிழை விடாது தொடர்ந்தது. கணிப்பில் தாரை குறுகலாகவே ஓடியது; அளவீட்டில் அது பக்கவாட்டில் மேலும் பரந்திருந்தது. தாரையின் நடுக்கோட்டில் பாதுகாப்பு மிகையாகவும், ஓரங்களில் குறைவாகவும் கணிக்கப்பட்டது. கட்டங்களைச் சிறிதாக்கியும் பிழை முற்றிலும் நீங்கவில்லை. ஆகவே அது ரெய்னால்ட்சின் சராசரியிலேயே வேரூன்றியிருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஓர் ஊரின் ஆண்டுச் சராசரி மழையை அறிந்தவர், எந்த நாளில் வெள்ளம் வரும் என்பதை அறியார். அதுபோலவே சராசரி ஓட்டத்தை மட்டும் அறிந்த கணக்கு, கணந்தோறும் தாரை துடித்து வீசி வெப்பத்தைக் கலக்கும் முறையை அறியாது.

இதற்கான தீர்வின் வேர் வானிலை ஆய்வில் இருந்தது. வளிமண்டலத்தின் பெரிய சுழல்களை நேரடியாகக் கணித்து, கட்டத்தினும் சிறிய சுழல்களுக்கு மட்டும் மாதிரி அமைக்கும் வழியை ஜோசப் ஸ்மாகொரின்ஸ்கி 1963இல் வெளியிட்டிருந்தார். பெருஞ்சுழல் உருவகம் எனப்படும் இம்முறையை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகியும் ஆச்சார்யாவும் சாய்ந்த தாரைக்குப் பயன்படுத்தி 2003இல் வெளியிட்டனர். சராசரியில் சீரான இரட்டைச் சுழலாகத் தோன்றியது, கணந்தோறும் பார்க்கையில் கொண்டையூசி வடிவில் அடுத்தடுத்துத் தோன்றி உதிரும் சுழல்களின் வரிசையாகக் காணப்பட்டது. தாரை ஏன் பக்கவாட்டில் பரவுகிறது என்பதற்கான விளக்கம் அச்சுழல்களில் இருந்தது.

அளவீடும் பின்தங்கவில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ஈட்டனின் குழுவினர், மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைக் காட்டப் பயன்படும் காந்த ஒத்ததிர்வுக் கருவியினுள் மாதிரித் துளையை வைத்து, காற்றுக்குப் பதிலாக நீரைச் செலுத்தி, முப்பரிமாணத்தில் ஓட்டத்தின் வேகத்தை அளந்தனர். 2013இல் வெளிவந்த அவ்வளவீடுகளோடு நுணுக்கமான பெருஞ்சுழல் உருவகங்கள் ஒப்பிடப்பட்டன. அளவீடு கணிப்பைத் திருத்த, கணிப்பு அளவீட்டுக்குப் புதிய வினாக்களைத் தருவதாக இருசாராரின் உறவும் வளர்ந்தது.

பெருஞ்சுழல் உருவகம் பெருஞ்செலவுடையது. நூற்றுக்கணக்கான துளைகள் கொண்ட அலகு முழுவதையும் நாள்தோறும் அவ்வாறு கணித்து வடிவமைத்தல் எளிதன்று. ஆதலின் தொழிற்சாலைகளின் அன்றாடப் பணியில் சராசரி முறையே இன்றும் பெரிதும் வழங்குகிறது. நுணுக்கமான கணிப்புகளின் விடைகளைக் கொண்டு சராசரி முறையின் மாதிரிகளைத் திருத்துவதற்கு இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தும் முயற்சிகள் 2010களின் நடுப்பகுதியிலிருந்து வலுப்பெற்று வருகின்றன.

7. கணக்கின் புறத்தே நிற்பவை

1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலை உமிழ்ந்த சாம்பல் மேகத்தினுள் புகுந்தது. அதன் நான்கு பொறிகளும் நின்றுவிட்டன. சாம்பலைவிட்டு வெளியே இறங்கிவந்தபின் பொறிகள் மீண்டும் உயிர்பெற, விமானம் ஜக்கார்த்தாவில் பாதுகாப்பாகத் தரையிறங்கியது. பொறியின் வெப்பத்தில் சாம்பல் உருகி உட்பகுதிகளில் ஒட்டிக்கொள்ளும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது. உருகிய சாம்பலும் பாலைநில மணலும் குளிர்விப்புத் துளைகளை அடைத்துவிடக் கூடியவை என்பது இன்று ஆய்வுக்குரிய தனிப்பொருளாகிவிட்டது.

கணினித் திரையில் துளை எப்பொழுதும் சுத்தமாக இருக்கிறது. பொறியில் உள்ள துளையின் விளிம்போ கரடுமுரடாக இருக்கலாம், பீங்கான் பூச்சு அதன் வாயை ஓரளவு மூடியிருக்கலாம், தூசு படிந்திருக்கலாம். எரியறையிலிருந்து வரும் வளியின் வெப்பமும் எல்லா இடத்திலும் சமமாக இருப்பதில்லை. காற்றின் ஓட்டத்தையும் உலோகத்தினுள் வெப்பம் பரவுவதையும் ஒருசேரக் கணிக்கும் முறைகள் வளர்ந்திருப்பினும், இவையனைத்தையும் ஒரே கணக்கில் கோப்பது இன்னும் எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காகவே உள்ளது.

அறிவைப் பகிர்வதிலும் ஓர் இடர் இருந்தது. பொறி நிறுவனங்கள் தத்தம் துளை வடிவங்களை மறைபொருளாகக் காத்தன. ஒருவர் கணித்ததை மற்றொருவர் சரிபார்க்க இயலாதபடி ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் வெவ்வேறு வடிவங்களைக் கையாண்டது. 2014ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்ரோடரும் தோலும் இக்குறையைப் போக்க முன்வந்தனர். முன்புறமும் இரு பக்கங்களிலும் 7 பாகை விரியும் வாயுடைய துளை ஒன்றை வடிவமைத்து, அதன் அளவுகள் அனைத்தையும் எவரும் பயன்படுத்தத்தக்கவாறு வெளியிட்டனர். '7-7-7' எனப்படும் அத்துளை பல ஆய்வுக்கூடங்கள் தம் கணிப்பை ஒத்துப்பார்க்கும் பொதுத் தராசாக விளங்குகிறது.

முடிவுரை

வீகார்டின் ஒற்றைவரிச் சூத்திரத்திலிருந்து பெருஞ்சுழல் உருவகம் வரை இவ்வரலாற்றைத் தொடர்ந்து வந்தோம். பிளவு துளையானபோது இருபரிமாணக் கணக்கு போதாதாயிற்று. துளை குறுகியது என்பதை நினைவிற் கொண்டபோது, வாயில் தொடங்கிய கணக்கு காற்றறைக்குப் பின்வாங்கிற்று. தாரை துடிக்கிறது என்று கண்டபோது சராசரி போதாதாயிற்று. ஒவ்வொரு முறையும் முன்னையோர் விட்ட ஏதோ ஒன்று, அளவீட்டின் வாயிலாகத் தன் இடத்தைக் கேட்டு வாங்கியது. முன்னையோர் அறிவிற் குறைந்தவர் என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் விட்டவற்றை வெளிப்படையாக எழுதிவைத்தமையால்தான் பின்வந்தோர் அவற்றைத் தேடிச் சேர்க்க முடிந்தது.

வண்ணப் படங்களாகக் கணினி தரும் விடைகள் நம் வகுப்பறைகளுக்குள்ளும் வந்துவிட்டன. அவற்றின் பொலிவு கண்டு மயங்காமல் மாணவர் சில வினாக்களை எழுப்பப் பழகுதல் நன்று. இக்கணக்கின் எல்லை எங்கே வகுக்கப்பட்டது? எவை சராசரியாக்கப்பட்டன? எந்த அளவீட்டோடு இது ஒப்புநோக்கப்பட்டது? வானிலைக் கணிப்பானாலும், நோய்ப்பரவல் கணிப்பானாலும், பொருளியல் கணிப்பானாலும் இவ்வினாக்கள் பொருந்தும். இவற்றைத் தமிழிலேயே வினவி, தமிழிலேயே விடைதேடும் பழக்கத்தை ஆசிரியர்கள் வகுப்பறையில் வளர்ப்பார்களாயின், துறைச்சொற்கள் பட்டியலாக ஏட்டில் கிடவாமல் மாணவர் சிந்தனையில் உயிர்பெறும். அரை மில்லிமீட்டர்த் துளையொன்றின் உள்ளே நிகழ்வதை அறிய அறிவுலகம் எழுபதாண்டுகளுக்கும் மேலாக உழைத்திருக்கிறது. அவ்வுழைப்பு இன்னும் முற்றுப்பெறவில்லை.